கசிந்த செம்பருத்தி (பாத்தேக் பாடம் எடுத்தவர்கள், எடுக்கப்போகிறவர்கள் உள்ளே வரவும்)

ஆயர் ஈத்தாம்:
வேறு துறைப் பிள்ளைகளும் எடுக்கிற பாத்தேக் பாடம், அதாவது சாயம் பரவாமல் துணியில் மெழுகால் கோடு கட்டி, உள்ளே நிறம் வைக்கிற கலை. மெக்கானிக்கல் பையன் ஒருவன் துணியில் செம்பருத்தி வரைந்து, சாந்திங்கால் (சூடான மெழுகு ஊற்றி வரையும் மூக்குள்ள கருவி) கோட்டை வெகு நேர்த்தியாக இழுத்திருந்தான். இதழில் சிவப்பை வைத்தான். கண்மூடித் திறப்பதற்குள் சிவப்பு கோட்டுக்கு அடியில் நுழைந்து இலைக்குப் போய்விட்டது. துணியைத் திருப்பினால் பின்பக்கம் கோடே இல்லை! மெழுகு நூலுக்குள் இறங்காமல் மேலேயே உட்கார்ந்திருந்தது. நன்றாக இறங்கிய கோடு எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி இருக்கும். இது வெள்ளையாகத் தடித்து நின்றது. சூடு போதவில்லை, அவ்வளவுதான்.

செந்தூல்:
அவ்வளவுதானா? கடைத் துணியில் கஞ்சி இருக்கும் அண்ணே. சவர்க்காரம் போட்டு வெந்நீரில் அலசாமல் சட்டத்தில் இழுத்துக் கட்டினால், மெழுகு எவ்வளவு சூடாக இருந்தாலும் சரியாக இறங்காது. ஆறின மெழுகு என்றால் சாந்திங் மூக்கிலேயே அடைத்துக்கொள்ளும், கோடு விட்டுவிட்டு வரும். நேர்த்தியாக வந்தது என்கிறீர்களே, அப்போ துணியைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உருண்டு நின்றால் கஞ்சி போகவில்லை.

ஆயர் ஈத்தாம்:
துணி அலசியதுதான் தம்பி. பானையில் சூடு சரி, ஆனால் காற்றாடிக்கு நேர் கீழே உட்கார்ந்து போட்டான். பானையிலிருந்து துணிக்கு வருவதற்குள் ஆறிவிடுகிறது.

பிரிக்பீல்ட்ஸ்:
மெழுகை விடுங்கள். இந்த வகுப்புகளில் உண்மையான தலைவலி, சாயத்தைத் துணியில் நிலைக்க வைக்கிற சோடியம் சிலிக்கேட். ரெமசோல் சாயம் காய்ந்த பிறகு சிலிக்கேட் பூசி, ஓர் இரவு விட்டு, மறுநாள் அலச வேண்டும். வகுப்போ வாரத்துக்கு ஒரு நாள்! கலைத்துறைப் பிள்ளைகளுக்குப் பட்டறை பக்கத்திலேயே இருக்கிறது, மறுநாள் வந்து அலசிக்கொள்வார்கள். கணக்கியல், பார்மசி படிக்கிறவர்கள் அடுத்த வாரம் வரும்போது துணி அப்பளமாக விறைத்திருக்கும். சாயம் ஈரமாக இருக்கும்போதே பூசினாலோ நிறம் ஓடிவிடும். மழை நாளில் காய நேரமெடுக்கும், அதையும் கணக்கில் வையுங்கள். ஒரு வாளி, கையுறை வாங்கி வைத்து விடுதியிலேயே அலசுங்கள். முதல் தண்ணீர் வழுவழுப்பாக இருக்கும். வழுவழுப்பு போகும்வரை குளிர்ந்த நீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகுதான் சோடா சாம்பல் போட்ட கொதிநீரில் மெழுகை எடுப்பது. அந்தத் தண்ணீரைச் சிங்க்கில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். மெழுகு குழாய்க்குள் உறைந்து அடைத்துவிடும். ஆறவிட்டால் மேலே ஏடாக மிதக்கும், வழித்தெடுத்தால் போதும்.

பட்டர்வொர்த்:
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பதிவதற்கு முன் உங்கள் துறை ஆலோசகரிடம் இந்தக் கிரெடிட் பட்டத்துக்குச் சேருமா என்று கேளுங்கள். பாடம் மாற்றும் கெடு முடிந்தபின் கேட்டுப் பயனில்லை. தேர்வு இல்லை, லேசு என்று நினைத்து வருகிறவர்கள் ஸ்கெட்ச் புக்கில்தான் மாட்டுவார்கள். கடைசி வாரத்தில் உட்கார்ந்து நிரப்பினால் பார்த்தவுடன் தெரிந்துவிடும் லா. இன்னொன்று, முதல் துணியிலேயே ஆள் முகம் போடாதீர்கள். பினாங்கு ஓவியர் சுவா தியான் தெங் 1950களிலேயே பாத்தேக்கை ஓவியமாக்கிக் காட்டியவர்தான், ஆனால் அது ஒரு செமஸ்டரில் வந்த கை இல்லை. பெரிய இலை, தடித்த கோடு, மூன்று நிறம் போதும்.

செந்தூல்:
காற்றாடி விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். அந்தத் துணி பருத்திதானா, பாலியஸ்டர் கலந்ததா?

ஆயர் ஈத்தாம்:
பருத்திதான். இலையில் ஏறிய சிவப்பு இன்னும் போகவில்லை.