‘முகில்வழி அலுவலக மென்பொருள்’: ஒரு சொல் போதுமா?

வணக்கம் அண்ணா,

கலைச்சொல் பட்டியலில் ‘cloud office software’ என்பதற்கு என்ன வைப்பது என்ற பேச்சில் நீங்கள் எழுதியது:

> ‘முகில்வழி அலுவலக மென்பொருள்’ என்று முடித்துவிடலாமே?

‘முகில்’ சரி. எங்கள் பேச்சில் மழைக்குக் கறுப்பது முகில்தான். இடறுவது ‘வழி’. ஒரே பெயரில் இரண்டு வகைச் சரக்கு விற்கப்படுகிறது. மைக்ரோசாஃப்ட் 365இன் பிசினஸ் பேசிக் சந்தாவில் வேர்ட், எக்செல் உலாவியிலும் கைப்பேசியிலும் மட்டுமே. பிசினஸ் ஸ்டாண்டர்டில் கணினியில் நிறுவலாம். திருகோணமலை நகரில் ஒரு மொத்தக் கடை, கிண்ணியாவில் அதன் கிளை என்று வையுங்கள். இரண்டு இடமும் ஒரே இருப்புக் கணக்கை ஒரே நேரத்தில் திருத்தலாம். இதுதான் பெரிய இலாபம். ஆனால் மலிவான சந்தாவை எடுத்திருந்தால், மாரியில் இணைப்பு அறுந்ததும் அந்தக் கணக்கைக் கணினியில் திறக்க வழியில்லை. நிறுவியது தொடர்ந்து ஓடும். அதுவும் மாதம் ஒருமுறையாவது இணையத்தைத் தொடாவிட்டால் வாசிக்க மட்டுமே விடும்.

எனவே உலாவியில் ஓடும் முதலாவதை ‘முகிலியங்கு மென்பொருள்’ என்றும், கணினியில் நிறுவி முகிலோடு ஒத்திசைக்கும் இரண்டாவதை ‘முகிலொத்திசை மென்பொருள்’ என்றும் பிரிப்போம். கூகுள் டாக்ஸ் முதல் வகை. அதிலும் இணைப்பின்றி எழுதலாம். இணைப்பு இருக்கும்போதே குரோமில் அந்த வசதியை இயக்கிவைத்திருக்க வேண்டும்.

‘காப்பு’ (backup) என்ற சொல்லை மட்டும் இதற்கு வைக்கவே கூடாது. கிளையில் ஒருவர் கோப்பை அழித்தால் தலைமைக் கடையிலும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் அது 30 நாள் கிடக்கும். மைக்ரோசாஃப்டின் வணிக ஒன்டிரைவில் (OneDrive) 93 நாள். பிறகு போனதுதான். காப்பு வேறு வட்டில் தனியே இருக்க வேண்டும்.

—

தம்பி,

பிரிப்பை ஏற்கிறேன். ‘முகிலியங்கு’ வேண்டாம், ‘உலாவிவழி மென்பொருள்’ என்போம். வாங்குபவர் கண்ணுக்குத் தெரிவது உலாவிதான், அது இணைப்பை நம்பியிருப்பதும் அவருக்குத் தெரியும். ‘முகிலொத்திசை’ நிற்கட்டும்.

கோப்புகளை மேலே கொண்டுபோவதற்கு ‘முகிலேற்றம்’ என்று வைப்போம். இங்குள்ள அலுவலகங்களின் பழைய கடிதங்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத உலாவியில் அவை ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும், தேடலிலும் அகப்படா. ஏற்றுமுன் ஒருங்குறிக்கு (Unicode) மாற்ற வேண்டும். முழுக் கோப்பையும் ஒரே வீச்சில் மாற்றினால் நடுவேயுள்ள ஆங்கிலப் பெயர்களும் தமிழெழுத்தாகிச் சிதையும். பாமினிப் பகுதியை மட்டும் தெரிந்தெடுத்து மாற்ற வேண்டும். ‘முகிலேற்றம்’ பதிவின் விளக்கத்தில் இதையும் சேர்த்துவிடுங்கள்.