பாண்டிச்சேரியில் மூன்று நாள்: சைக்கிளிலேயே சுற்ற முடியுமா?

சேலத்துக்காரன்

வணக்கம். பிப்ரவரியில் ஒரு வெள்ளி, சனி, ஞாயிறு பாண்டி வருகிறோம். நான், மனைவி, ஏழாவது படிக்கும் மகள். போன முறை காரில் வந்து பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் வண்டி நிறுத்த இடம் தேடியே முக்கால் மணி நேரம் போய், கடைசியில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் எங்கோ நிறுத்திவிட்டு, பீச்சுக்கு நடந்து போய், திரும்பி வந்தால் வண்டிக்கு முன்னால் குறுக்கே இன்னொரு வண்டி.

இந்த முறை பஸ்ஸில் வந்து, சைக்கிள் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. மனைவியோ ஸ்கூட்டி எடுத்தால் முடிந்தது, எதற்கு வீண் வம்பு என்கிறாள். மூன்று பேருக்கும் சைக்கிள் ஓட்டத் தெரியும், ஆனால் மகள் எங்கள் தெருவையும் பள்ளி மைதானத்தையும் தாண்டி ஓட்டியதில்லை. அந்த டிராபிக்கில் அவளை விடலாமா? ஆரோவில்லுக்குச் சைக்கிளிலேயே போக முடியுமா? பீச் ரோட்டில் சாயங்காலம் சைக்கிளை விடுவார்களா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை

நான் உள்ளூர்க்காரன், வேலைக்கும் கடைக்கும் சைக்கிளில்தான் போகிறேன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். தாராளமாக வாருங்கள், ஆனால் புல்வாரைத் தாண்டாதீர்கள்.

பழைய ஊர் முட்டை வடிவத்தில் இருக்கும். கிழக்கே கடல், மேற்கே அண்ணா சாலை, தெற்கே சுப்பையா சாலை, வடக்கே சர்தார் படேல் சாலை. முன்பு மதில் நின்ற கோட்டில்தான் இன்று இந்தச் சாலைகள் போகின்றன, இதைத்தான் எங்கள் ஊரில் புல்வார் என்பது. இதற்குள் எங்கிருந்து எங்கே போனாலும், நிதானமாக மிதித்தால்கூட கால் மணி நேரம் ஆகாது. தெருக்களும் நேர்நேராகக் கட்டம் போட்ட மாதிரி இருக்கும். 1690களில் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்து வைத்திருந்த சில வருடங்களில் வரைந்த வரைபடம் அது, பிறகு வந்த பிரெஞ்சுக்காரர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். அதனால் வழி தவறுவதுதான் கஷ்டம். கிழக்கே போனால் கடல் வந்துவிடும், நடுவில் வடக்குத் தெற்காகப் பெரிய வாய்க்கால் ஓடுகிறது, ஒரு கரையில் ஆம்பூர் சாலை, மறு கரையில் செஞ்சி சாலை. வாய்க்கால் வந்துவிட்டது என்பதைப் பல நாள் மூக்கே சொல்லிவிடும்.

மகளை விடலாமா என்றால், நேரத்தைப் பொறுத்தது. காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது வரை தாராளமாக விடலாம். அதற்கப்புறம் வாய்க்காலுக்கு மேற்கே இருக்கும் தமிழ்ப் பக்கம் முழுக்க பைக், ஆட்டோ, லோடு வண்டி. அண்ணா சாலை, பஸ் ஸ்டாண்டு இருக்கும் மறைமலையடிகள் சாலை, இந்திரா காந்தி சிலை, ராஜீவ் காந்தி சிலை சந்திப்புகள், இந்தப் பக்கமெல்லாம் எந்த நேரத்திலும் அவளை அழைத்துப் போகாதீர்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஆட்டோ பிடித்து அறைக்கு வந்துவிடுங்கள், சைக்கிளை அப்புறம் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் சந்தை, ரோடு முழுக்கத் துணிக்கடைகள், அங்கே சைக்கிளைத் தள்ளக்கூட முடியாது.

பீச் ரோட்டில் மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டிகளுக்குத் தடை. சைக்கிளும் வண்டிதான் என்று சில நாள் தடுப்புக் கட்டையிலேயே நிறுத்திவிடுவார்கள். இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் பெரிதாக யாரும் கேட்பதில்லை. ஆனால் சனிக்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு அந்தக் கூட்டத்துக்குள் மூன்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவது, சின்னதாக மூன்று தேர் இழுப்பதற்குச் சமம்.

அப்புறம் ஸ்கூட்டி விஷயம். மூன்று பேருக்கு ஒரு ஸ்கூட்டி பத்தாது, டிரிபிள்ஸ் போனால் பிடிப்பார்கள். ஆக இரண்டு வண்டி, இரண்டு பேரிடமும் லைசென்ஸ், ஹெல்மெட். வீட்டில் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

நடராஜா சர்வீஸ்

எல்லோரும் சைக்கிள் சைக்கிள் என்கிறீர்கள், கடலோரம் இருக்கும் பழைய பிரெஞ்சுப் பகுதி, அந்த ஒயிட் டவுனுக்கு எதற்குச் சைக்கிள்? பீச் ரோடு மொத்தமே ஒன்றரை கிலோமீட்டர்தான் இருக்கும். கடலிலிருந்து வாய்க்கால் வரைக்கும் நாலைந்து தெரு. அங்கே இருபது அடிக்கு ஒரு தரம் நிற்கத் தோன்றும். ஒரு வீட்டு வாசலில் காகிதப்பூ கொத்தாகத் தொங்கும், ஒரு பழைய கதவு இருக்கும், ஒரு பூனை இருக்கும். ஒவ்வொரு தரமும் ஸ்டாண்டு போட்டு, பூட்டி, திறந்து, ஏறி... போன வருடம் அப்படித்தான் எடுத்துவிட்டு, பாதி நாள் சைக்கிளுக்குக் காவல் இருந்தேன்.

இன்னொன்று. அந்த மஞ்சள் மதில்கள் எல்லாம் ஆள் உயரத்துக்கு மேல், தெரு முனை வரைக்கும் ஒட்டி வரும். குறுக்குத் தெருவில் கார் வருவது தெரியவே தெரியாது. இதில் போட்டோ எடுப்பவர்கள் வேறு, ஒருவர் சுவர் ஓரமாக நிற்க, எடுப்பவர் பின்னாலேயே பார்க்காமல் நடுரோட்டுக்கு வந்துவிடுகிறார். ரொமேன் ரோலன் வீதியில் என் ஹேண்டில்பார் ஒருவர் முழங்கையில் இடித்து, அவர் போன் கீழே விழுந்து, நல்லவேளை உடையவில்லை. அன்றைக்கே சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தேன். நடந்தவன் கெட்டதாகக் கேள்விப்பட்டதில்லை.

முத்தியால்பேட்டை

நடராஜா சார் சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். ஒயிட் டவுன் நடக்கிற இடம்தான். சைக்கிள் வேண்டியது வாய்க்காலுக்கு மேற்கே, தமிழ்ப் பக்கத்துக்கு. வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. நேரு வீதியில் துணி வாங்கிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

காலை ஆறரைக்குக் கிளம்புங்கள். மிஷன் வீதியிலிருந்து வைசியாள் வீதிக்குத் திரும்பினால் திண்ணையும் மரத்தூண் தாழ்வாரமுமாகப் பழைய வீடுகள் வரிசையாக நிற்கும், பழுதுபார்த்து வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள், கோலத்தின் மேல் சக்கரம் ஏறாமல் ஓட்டச் சொல்லி மகளிடம் சொல்லுங்கள், அதுவே அவளுக்கு நல்ல பயிற்சி. அங்கிருந்து ஈஸ்வரன் தர்மராஜா கோவில் வீதியில் பாரதி குடியிருந்த வீடு, 1908-இல் வந்தவர் பத்து வருடம் இந்த ஊரில்தான் இருந்தார். கொஞ்ச தூரத்தில் பெருமாள் கோவில் வீதியில் பாரதிதாசன் வீடு. இரண்டும் இப்போது நினைவு இல்லங்கள், அவ்வளவு காலையில் திறந்திருக்காது, வெளியிலிருந்து பார்த்து வைத்துக்கொண்டு பத்து மணிக்கு மேல் நடந்து வாருங்கள். தெற்கே இறங்கினால் காஜியார் வீதி, முல்லா வீதி, பள்ளிவாசலை ஒட்டிய தெருக்கள், அங்கே வீடுகளின் முகமே வேறு. சுப்பையா சாலையில் சிவப்பும் வெள்ளையுமாக இருதய ஆண்டவர் கோவில். தாவரவியல் பூங்கா 1826-இல் போட்டது, நிழலில் உட்கார ஆசைப்பட்டால் அங்கே போகலாம்.

இன்னொன்று, மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று எழும்பிவிடும். மேற்கே போகும்போது யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி சுகமாக இருக்கும், திரும்பிக் கடல் பக்கம் மிதிக்கும்போதுதான் தெரியும்.

ஒன்வே நிறைய. உள்ளூர்ச் சைக்கிள்காரர்கள் யாரும் மதிப்பதில்லை, நானும்தான், மறைக்க என்ன இருக்கிறது. நீங்கள் பிள்ளையோடு வருகிறீர்கள், இறங்கித் தள்ளிவிடுங்கள்.

செயின்கவர்

சென்னையிலிருந்து வருடத்துக்கு இரண்டு மூன்று தரம் வருகிறவன். ஆரோவில் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் நான்.

பாண்டியிலிருந்து பார்வையாளர் மையம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். தூரம் ஒன்றும் பெரிதில்லை, வழிதான் சரியில்லை. கோட்டக்குப்பம் தாண்டும்வரை ஈசிஆரில் கடைகளும் ஆட்டோவுமாக நெரிசல், பஸ்கள் ஓரத்தை உரசிக்கொண்டு போகும். பெரிய முதலியார்சாவடியில் இடப்பக்கம் திரும்பினால் கொஞ்சம் மூச்சு விடலாம், ஆனால் அங்கிருந்து குயிலாப்பாளையம் வரை மெல்ல மேடு. கியர் இல்லாத வாடகைச் சைக்கிளில் தொடை பேசும். நான் தனியாகப் போவேன், பன்னிரண்டு வயதுப் பிள்ளையோடு போகமாட்டேன்.

அதனால் ஆட்டோவில் அங்கே போய்விட்டு, அங்கேயே சைக்கிள் வாடகைக்கு எடுங்கள். உள்ளே செம்மண் பாதைகள் மரநிழலில் போகும், சில இடங்களில் சைக்கிளுக்கென்றே தடம் விட்டிருக்கிறார்கள். 1968 பிப்ரவரி 28-இல் தொடங்கியபோது அது வெட்டவெளிச் செம்மண் மேடு, இப்போது நீங்கள் பார்க்கும் காடு முழுக்க அதற்கப்புறம் நட்டது. நடுவில் தங்க உருண்டை மாதிரி இருக்கும் தியான மண்டபமான மாத்ரிமந்திரைத் தூரத்திலிருந்து பார்க்கும் இடத்துக்கு மட்டும் நடந்துதான் போகவேண்டும். உங்கள் மூன்று நாளும் 28-ஐ ஒட்டி வந்தால் கூட்டம் இருக்கும். பிப்ரவரி 21 பாண்டியில் அரவிந்தர் ஆசிரமத்தில் தரிசன நாள், அன்றைக்கு ஆசிரமத்தைச் சுற்றிய தெருக்களில் சைக்கிள் ஓட்டலாம் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இப்போது முக்கியமான விஷயம், சைக்கிளைப் பார்த்து எடுப்பது. ஒரு கடையில் வரிசையாக நிற்பதில் ஓரத்தில் இருப்பதைத்தான் எடுத்து நீட்டுவார்கள், வாங்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். முன் பிரேக்கை அழுத்திக்கொண்டே வண்டியை முன்னால் தள்ளுங்கள், பின் சக்கரம் தூக்கவேண்டும், சக்கரம் உருண்டால் வேறு வண்டி கேளுங்கள். பின் சக்கரத்தைத் தூக்கிப் பெடலைக் கையால் சுற்றுங்கள், செயின் எங்காவது டக்கென்று தாண்டினால் அது நடுரோட்டில் கழன்றுவிடும். டயரைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பெல் அடித்துப் பாருங்கள், பாண்டியில் பிரேக்குக்கு அடுத்தபடி பெல்தான். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைக் கீழ்ப் பெடலில் வைத்தால் கால் நேராக நீளவேண்டும், மகளுக்கு இதைக் கட்டாயம் பாருங்கள். சீட்டைக் கடைக்காரரே ஸ்பேனர் வைத்து ஏற்றி இறக்கிக் கொடுப்பார், வெட்கப்படாமல் கேளுங்கள். ஒரிஜினல் அடையாள அட்டையைக் கொடுக்காதீர்கள், நகலும் முன்பணமும் போதும் என்று பேசிப் பாருங்கள். வண்டியை நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தரம் ஏற்கெனவே வளைந்திருந்த மட்கார்டுக்கு என்னிடம் காசு கேட்டார்கள், அரை மணி நேரம் வாக்குவாதம்.

சேலத்துக்காரன்

எல்லோருக்கும் நன்றி. போய் வந்துவிட்டோம், சொல்லாமல் இருந்தால் நன்றாக இருக்காது.

சனிக்கிழமை காலை மட்டும் மூன்று சைக்கிள், மற்ற நேரமெல்லாம் நடை. ஆரோவில்லுக்கு ஆட்டோ. செயின்கவர் சொன்னபடி முன் பிரேக்கை அழுத்தித் தள்ளியதில் முதல் இரண்டு வண்டியும் உருண்டன, கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், மூன்றாவதாக உள்ளேயிருந்து நல்லதாக எடுத்து வந்தார். அப்படிப் பார்த்து எடுத்தும் மிஷன் வீதியில் மனைவியின் வண்டியில் செயின் கழன்றது. டீக்கடையில் நின்றிருந்த ஒரு பெரியவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வந்து, ஒரு குச்சியால் செயினை நெம்பிப் பல்லில் ஏற்றி, பெடலைப் பின்னால் ஒரு சுற்று சுற்றினார், மாட்டிக்கொண்டது. டீக்குக் காசு கொடுக்கப் போனேன், வாங்கவில்லை.

மகள் வைசியாள் வீதியில் எல்லாக் கோலத்தையும் சுற்றிச் சுற்றிப் போனாள். ஒரு அம்மா சிரித்துக்கொண்டே "இப்படி ஓட்டினா சாயங்காலம்தான் போய்ச் சேருவே கண்ணு" என்றார். எட்டரை மணிக்கு நேரு வீதி முனையில் பைக்குகள் மொய்க்க ஆரம்பித்ததும் அவளே இறங்கித் தள்ள ஆரம்பித்துவிட்டாள், நாங்கள் சொல்லவில்லை. ஸ்கூட்டி பேச்சு அதற்கப்புறம் எழவில்லை, எதிர்க்காற்றில் கடல் பக்கம் திரும்பியபோது மட்டும் ஒரு தரம் எழுந்தது.

ஒரு சிக்கல். சேலம் வந்து பையைக் கொட்டினால் ஒரு சைக்கிள் பூட்டுச் சாவி. கடைக்காரரிடம் மாற்றுச் சாவி இருக்குமா?

முத்தியால்பேட்டை

இருக்கும், இல்லையென்றால் பூட்டை உடைத்திருப்பார். எதற்கும் ரசீதில் நம்பர் இருந்தால் போன் பண்ணிவிடுங்கள், கூரியரில் போட்டுவிடலாம்.