ட்ரேயில் தேறும் நெல் தொட்டியில் ஏன் கருகுது?

வைகை_நாற்று: அராபிடாப்சிஸ் (ஆய்வகச் சிறுசெடி) கிட்டருந்து உப்பைத் தாங்க உதவுற என்ஹெச்எக்ஸ்1 மரபணு ஏற்றிய நெல், டி2 தலைமுறை (மரபணு ஏற்றிய செடியின் பேரப்பிள்ளை). ட்ரேயில் யோஷிடா கரைசலில் (நெல்லுக்கான சத்துக் கரைசல்) உப்பு கலந்தா இசி (உப்பளவைக் காட்டும் மின்கடத்துதிறன், dS/m) 12 வரை தாக்குப்பிடிக்குது. மேலூர்ப் பக்கத்து மண் போட்ட தொட்டியில் (வலைக்கூடத்துக்குள்தான்) மூணாவது வாரமே வெளுத்துக் கருகுது. மண் பிஹெச் 9.2, இசி 2.1. இலைச் சோடியம் சாதா நெல்லுக்குச் சமம். மரபணு வேலை செய்யலையா?

களர்மண்: அது உவர் இல்லை, களர். ரெண்டையும் 'உப்பு மண்'ணுன்னு சொல்றதுலதான் வினை. உவர்ல இசி 4-க்கு மேல, பிஹெச் 8.5-க்குக் கீழ. களர் இதுக்குத் தலைகீழ். சோடியம் களிமண்ணைக் கலைச்சுத் துளையை அடைச்சிடும், தண்ணி இறங்காது. பைகார்பனேட்டும் உயர் பிஹெச்சும் இரும்பு, துத்தநாகம் ரெண்டையும் கிடைக்க விடாது. என்ஹெச்எக்ஸ்1-க்குத் தெரிஞ்சது செல்லுக்குள்ள வந்த சோடியத்தை நுண்குமிழுக்குள்ள (வாக்குவோல்) தள்ளிப் பூட்டுறது மட்டும்தான். 1999-ல அராபிடாப்சிஸும் 2001-ல தக்காளியும் 200 மில்லிமோலார் உப்புல நின்னது அதனாலதான். இரும்புக்கு அதுகிட்ட வைத்தியம் கிடையாது. புது இலை நரம்பிடையில வெளுத்தா இரும்பு. பழைய இலை நுனியிலிருந்து கருகினா சோடியம். எது முதல்ல வந்தது?

சுடர்மானி: அந்த 2.1 எதுல அளந்தது? மண்-நீர் 1:2 கலவையில்னா நிறைவுச் சாற்றில் (மண்ணைக் குழைச்சுப் பிரிக்கிற சாறு, அந்த 4 வரம்பு இதுக்குத்தான்) 4-ஐத் தாண்டியிருக்கலாம். அப்போ அது உவர்களர், ரெண்டும் சேர்ந்தது.

இலைச் சோடியம் குறையாததில் தப்பில்லை. என்ஹெச்எக்ஸ் ஒதுக்கித்தான் வைக்கும், வெளியேற்றாது. குறையணும்னா பொக்காளியின் (உப்பு தாங்கும் கேரள நெல்) சால்டால் என்ற மரபணுப் பகுதியில் இருக்கிற ஹெச்கேடி வகைக் கடத்திப் புரதம் வேணும். அது சைலத்திலேயே (நீரை மேலே கொண்டுபோற குழாய்) சோடியத்தை மீட்டுக்கும், இலைக்குப் போகாது. ஒப்பீட்டுக்குச் சாதா நெல் போதாது, திசுவளர்ப்பு மாற்றமும் கலந்திடும். அதே குடும்பத்தில் மரபணு இல்லாமல் பிரிந்த நாற்றை வைங்க, கூட ஐஆர்29 (உப்பு தாங்காத ரகம்), பொக்காளி. ட்ரேயில் முதல் 3 நாள் இசி 6, அப்புறம் 12. நம்ம வெயிலுக்கு மத்தியானமே இசி எகிறிடும். வாலைநீர் விட்டு நிரப்புங்க, உப்புக் கரைசல் வேண்டாம். பிஹெச் தினமும் 5.0.

களர்மண்: தொட்டி மூணு வகை: மண் அப்படியே, ஜிப்சம் கலந்து வடிய விட்டது, அப்படியே மண், ஆனா இலையில 1% இரும்பு சல்பேட், 0.5% துத்தநாக சல்பேட் தெளிச்சது. மூணுலயும் களர் தாங்கும் திருச்சி 3 ரகம் ஒரு தொட்டி. தெளிச்சதும் பச்சை திரும்பினா மரபணு மேல பழி போடாதீங்க. அடியில துளை இல்லாம ஜிப்சம் போட்டா சோடியம் சல்பேட்டா மாறி அங்கேயே கிடக்கும்.

வைகை_நாற்று: 1:2-லதான் அளந்தது. புது இலைதான் முதல்ல வெளுத்தது. தொட்டியில் துளையே இல்லை அண்ணே.