வேட்டைக்கென்று குட்டி பார்த்து எடுத்த அனுபவங்கள் (திருகோணமலைப் பக்கத்துப் பலர் எழுதியவை, தலைப்பில் இருப்பது எழுதியவரின் ஊர்)

தம்பலகாமத்தான்

ஏழு குட்டி. நான்கு கடுவன், மூன்று பெட்டை. தாய், கந்தளாய்ப் பக்கம் காட்டோரத்தில் மாட்டுப்பட்டி காக்கிற நாய். பன்றியை மறித்து நிற்கும் என்று பேர் எடுத்தது. கதிர் வரும் நேரத்தில் வயலுக்குள் பன்றி இறங்கினால் என்ன மிஞ்சும் என்று வேளாண்மை செய்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கருவாட்டுக் குழம்பு பிசைந்த சோற்றைத் தட்டில் வைத்தார்கள். செவலைக் கடுவன் ஒன்று மற்ற ஆறையும் ஏறி மிதித்துக்கொண்டு முதலில் வந்தது. தூக்கினேன், உறுமியது. இதுதான் என்று முடிவெடுத்துவிட்டேன். துண்டில் சுற்றிக்கொண்டு திரும்பும்போதுதான் மற்றதைக் கண்டேன். வரிப் பெட்டை ஒன்று. தட்டில் இன்னும் சோறு கிடக்கிறது, அது தலையை நிமிர்த்திக் காட்டுப் பக்கம் பார்த்தபடி நிற்கிறது. மூக்கு நுனி மட்டும் அசைகிறது. வெகு நேரம் கழித்து அந்தப் பக்கமிருந்து வீட்டுக்காரரின் தம்பி வந்தார். தோளில் உரப்பை, அதற்குள் இறைச்சி. காற்றும் அங்கிருந்துதான் வீசியது. அதையெல்லாம் பார்த்த பிறகும் நான் செவலையோடுதான் வீட்டுக்கு வந்தேன்.

பதினொரு மாதத்தில் செவலை முதல் பன்றியைக் கண்டது. கூட்டத்தோடு சேராத ஒற்றைப் பன்றி. குரைக்கவே இல்லை, நேரே போய் முகத்தில் பாய்ந்தது. டோர்ச் வெளிச்சத்தில் பன்றி ஒருமுறை தலையைச் சுழற்றியதுதான் எனக்குத் தெரியும். நெஞ்சிலிருந்து வயிறு வரை கிழித்துவிட்டது. வரப்பில் கிடத்தி என் சாரத்தால் இறுக்கிக் கட்டினேன். விடியும்வரை அது இருக்கவில்லை.

வரிப் பெட்டையை எடுத்தவர் முள்ளிப்பொத்தானையில் இருக்கிறார். ஐந்து வருடமாக அது பன்றிக்குத் தள்ளி நின்று சுற்றிச் சுற்றிக் குரைக்கிறதாம். ஒரு கீறல் கூட இல்லையாம். தட்டை விட்டுத் தலையை நிமிர்த்திய அந்த நிலை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

மூதூர் கிழக்கு

பாட்டாளிபுரம் பக்கத்து வேடர் ஐயா ஒருவரைக் கூட்டிக்கொண்டு குட்டி பார்க்கப் போனேன். தேன் எடுக்கவும் காட்டுக் கிழங்குக்கும் நாயோடு போய் வந்தே வயது போனவர். நான் குட்டிகளுக்குப் பக்கத்தில் குனிந்ததும், "அதை விடு மகன், தாயைப் பார்" என்றார்.

வீட்டுக்காரரிடம் சொல்லித் தாய் நாயைத் தூரத்திலிருந்து கூப்பிட வைத்தார். ஒரு சத்தத்துக்கு வந்தது. அதன் உடம்பைத் தடவித் தழும்பு எங்கே இருக்கிறது என்று பார்த்தார். பின் தொடையில் பழைய தழும்பு ஒன்று இருந்தது, நெஞ்சில் எதுவும் இல்லை. "விலகத் தெரிந்த நாய்" என்று மட்டும் சொன்னார்.

அப்புறம் செய்ததுதான் எனக்கு மறக்காது. குட்டிகளுக்கு முன்னால் மெதுவாக நடந்து, கிணற்றைச் சுற்றி, பற்றைக்குள் புகுந்து, பாலை மரத்துக்குப் பின்னால் சத்தமில்லாமல் குந்திக்கொண்டார். குட்டிகள் கொஞ்ச நேரம் தேடிவிட்டு விளையாடப் போய்விட்டன. ஒன்று மட்டும் மூக்கை மண்ணில் வைத்தது. அவர் கிணற்றைச் சுற்றிய இடத்தில் தானும் சுற்றியது. ஒரு இடத்தில் தடம் தவறி, நின்று, திரும்பி வந்து மறுபடி பிடித்தது. கடைசியில் மரத்தடிக்குப் போய் அவர் பாதத்தில் தலையை வைத்துப் படுத்தது.

அந்தக் குட்டியை அவர் தனக்கு எடுத்துக்கொண்டார். எனக்கு வேறொன்றைக் காட்டி, "உனக்கு இது காணும்" என்றார். நான் எடுத்தது நல்ல நாய்தான், குறை இல்லை. ஆனால் என்னிடம் எதைக் கண்டு அப்படிச் சொன்னார் என்று இன்றுவரை யோசிக்கிறேன். கேட்பதற்கு இப்போது ஐயா இல்லை.

திரியாய்

தம்பலகாமம் அண்ணன் மனம் நோகக் கூடாது, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. செவலையில் பிழை இல்லை. பதினொரு மாதத்து நாயைத் துணைக்குப் பழகிய நாய் ஒன்றும் இல்லாமல் ஒற்றைப் பன்றிக்கு விட்டதுதான் பிழை. தைரியமான குட்டியைப் பயந்து ஒதுக்கினால் பன்றிக்கு முன்னால் நிற்க யார் இருக்கிறார்கள்? என் நாய்களை ஒன்றரை வயதுக்கு முன் இரவு வயலுக்கு நான் கொண்டுபோவதில்லை. முதல் ஒரு வருடம் மூத்த நாய்க்குப் பின்னால் நடக்கட்டும்.

என் கதை சின்னது. மாமா "இருபது நகக் குட்டி எடு, அதுதான் வேட்டைக்கு" என்று பிடிவாதமாக நின்றார். நாய்க்கு முன்கால்களில் ஐந்தைந்து, பின்கால்களில் நாலு நாலு, பொதுவாக 18 நகம். சிலதுக்குப் பின்காலின் உட்புறம் மேலே நகம் ஒன்று தொங்கும், அப்போது 20 ஆகும். குட்டியின் காலை விரித்து அவர் எண்ணும்போது முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்த்து நானும் சரி என்றேன். அந்த நகத்துக்கு உள்ளே பிடிமானமான எலும்பில்லை, தோலில்தான் தொங்கியது. எட்டாம் மாதம் ஈச்சம்பற்றைக்குள் ஓடி வந்தபோது நகம் பாதி கிழிந்து காலில் ஆடிக்கொண்டிருந்தது. மாமா அதைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

உப்புவெளி

நான் எடுத்த குட்டி முழு வெள்ளை. பார்க்க அவ்வளவு அழகு. இரண்டாம் நாள் அது தூங்கும்போது பக்கத்தில் சட்டி விழுந்தது. வீட்டில் எல்லோரும் துள்ளினோம், அது அசையவில்லை. நான் நடந்து போனதும் நில அதிர்வில் கண் விழித்தது. பிறவிச் செவிடு. இன்றும் என்னோடுதான் இருக்கிறது, ஆனால் காட்டுக்குக் கொண்டுபோனதில்லை. கூப்பிட்டால் கேட்காத நாயைக் காட்டில் விட எனக்கு மனம் வராது.

அதனால் புதிதாக எடுக்கப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். தலை, காது எல்லாம் வெள்ளையாக இருக்கும் குட்டிகளில் செவிட்டுத்தன்மை கூடுதலாக வரும். குட்டி வேறு பக்கம் பார்க்கும்போது பின்னால் நின்று கை தட்டுங்கள். ஒவ்வொரு குட்டியையும் தனியாக வைத்துத் தட்ட வேண்டும், கூட்டத்தில் இருந்தால் மற்றது திரும்புவதைப் பார்த்துத் தானும் திரும்பும். சத்தத்துக்குத் துள்ளினால் அது குறை இல்லை. துள்ளிய பிறகு என்ன செய்கிறது என்பதுதான் விசயம். ஓடி ஒளிந்து வெளியே வராத குட்டி துவக்குச் சத்தத்துக்கும் வெடிச் சத்தத்துக்கும் பழகுவது கடினம். துள்ளிவிட்டு, அது என்ன என்று மோந்து பார்க்க வருகிற குட்டிதான் வேண்டும்.

எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். கடிக்கிற அளவைக் குட்டி கூடப்பிறந்ததுகளிடம்தான் படிக்கிறது. மூன்று வாரத்திலிருந்து பன்னிரண்டு வாரம் வரை கண்டதும் கேட்டதும்தான் அதன் மனதில் ஆழமாகப் பதியும். மனிதர், மாடு, கோழி, மோட்டார் சைக்கிள், தண்ணீர் எல்லாம் அந்தக் காலத்தில் காட்டிவிடுங்கள். கோழியைத் துரத்தாமல் இருக்கப் பழக்குவதும் அப்போதுதான் சுலபம். வயிறு மட்டும் ஊதி விலா தெரிந்தால் புழு. பூச்சி மருந்தை இரண்டு வாரக் குட்டியிலிருந்தே தொடங்கலாம். பார்வோவுக்கான (குட்டிகளைக் கொல்கிற வயிற்றோட்ட நோய்) ஊசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நாலு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை திரும்பப் போட வேண்டும். ஒரு ஊசியோடு விட்டுவிட்டுக் குட்டியைப் பறிகொடுத்தவர்கள் நிறையப் பேர். விசர்நாய்த் தடுப்பூசியை அரசாங்கம் இலவசமாகவே போடுகிறது, சாட்டுச் சொல்ல ஒன்றும் இல்லை. பல்லையும் பாருங்கள், மேல் பல் கீழ்ப் பல்லுக்குச் சற்று முன்னால் வந்து மூட வேண்டும். தொப்புளில் வீக்கம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். காதைப் பிடித்துத் தூக்கி, அழாத குட்டியை எடு என்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். குட்டிக்கு நோகும், அவ்வளவுதான் நடக்கும்.

கோட்டையடி

நான் ரவுனில் இருக்கிறேன். சிப்பிப்பாறை (தமிழ்நாட்டு வேட்டை நாய் இனம்) கலப்பு என்று சொல்லித் தந்தார்கள். உண்மையோ தெரியாது, கால் நீளமும் ஒட்டிய வயிறும் அப்படித்தான் இருந்தது. ஐந்து மாதத்தில் ஒரு காலை நேரம் கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயில் பாதையில் கூட்டிப் போனேன். அங்கே மான்கள் நிற்பது உங்களுக்குத் தெரியும்தானே, ஆட்களின் கையிலேயே வாங்கித் தின்னும்.

குட்டி குரைக்கவில்லை. ஒரு முன்காலைத் தூக்கினது, அப்படியே நின்றுவிட்டது. வால், முதுகு, கழுத்து எல்லாம் ஒரே கோடு. கயிறு வழியாக அதன் நடுக்கம் என் கைக்கு வந்தது. வேட்டைக் குட்டி என்றால் இப்படி நிற்க வேண்டும் என்று எத்தனை வருடம் ஆசைப்பட்டிருக்கிறேன். அந்த நேரம் எனக்கு வந்தது பயம். மான் எங்களைப் பார்த்து இரண்டு அடி கிட்ட வந்தது. நாயைத் தெரியாத மான் இல்லை, ஆளோடு வந்த நாய் ஒன்றும் செய்யாது என்று நம்பிய மான்.

மானும் மரையும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. அதை விடுங்கள், இந்த ஊர் மான்களைத் தெருநாய்கள் கடிப்பதைக் கண்டவன் நான். இரண்டு கிழமையில் குட்டியை வெருகல் பக்கம் மச்சானின் சோளத் தோட்டத்துக்குக் கொடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் போனபோது என்னைக் கண்டு ஓடி வந்து அதே கயிற்றைக் கவ்விக்கொண்டு நின்றது.

தம்பலகாமத்தான்

திரியாய்த் தம்பி, தனியாக விட்டது பிழைதான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தைரியமும் அவசரமும் ஒன்றில்லை. மூதூர் ஐயா தழும்பைப் பார்த்தது அதற்குத்தானே. கோட்டையடித் தம்பி, கொடுத்தது சரிதான், மனதைப் போட்டு வருத்தாதீர்கள்.

சம்பூர்

எங்கள் அப்பப்பா குட்டி எடுக்கும்போது பழைய துணியை உருட்டி எறிவார். ஓடிப் போய்க் கவ்விக்கொண்டு ஆளிடம் திரும்பி வருகிற குட்டிதான் அவருக்கு. 2006இல் ஊரை விட்டு ஓடினோம். கிளிவெட்டி முகாம் வாழ்க்கையில் வேட்டையும் இல்லை, நாயும் இல்லை. திரும்பி வந்தபோது வளவெல்லாம் காடு. நட்ட மரவள்ளியைப் பன்றி கிண்டிவிட்டுப் போனது. நான் அப்பப்பா மாதிரியே துணி உருட்டி எறிந்து ஒரு குட்டி எடுத்தேன்.

அருமையான நாய். கண்டதையெல்லாம் கவ்விக்கொண்டு வந்து தரும். சிரட்டை, செருப்பு, ஒருமுறை உயிரோடு ஆமை. நோகாமல் பிடித்து வந்து காலடியில் வைத்தது.

ஒரு பின்னேரம் எல்லை வேலிப் பக்கம் போனது. பூசணித் துண்டு ஒன்றை வாயில் எடுத்துக்கொண்டு வந்ததைக் கண்டேன். இந்த நாய் பூசணி தின்னாதே என்று நினைத்தேன், அவ்வளவுதான் நினைக்க நேரம் இருந்தது. பன்றிவெடி. யாரோ பன்றிக்குத் தீனிக்குள் ஒளித்து வைத்தது, கடித்தால் வெடிக்கும். என்னிடம் கொண்டுவந்து தர இருபது அடி இருந்தது. கவ்வினதைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும்.

எதற்காக அந்தக் குட்டியைத் தெரிந்தெடுத்தேனோ, அதைத்தான் அது செய்துகொண்டு வந்தது.

உப்புவெளி அண்ணன் இவ்வளவு விவரம் எழுதியிருக்கிறீர்கள், ஒன்று கேட்கிறேன். இப்போது வீட்டில் ஒன்பது வாரக் குட்டி நிற்கிறது. மகள் துணியை உருட்டி எறிந்தாள், நான் சொல்லிக் கொடுக்கவில்லை. கவ்விக்கொண்டு நேரே என்னிடம் வந்தது. நிலத்தில் கிடக்கிறதை, நான் சொல்லாமல் வாயில் எடுக்காமல் இருக்க எந்த வயதில், எப்படிப் பழக்குவது? செய்து பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.