மறு: ரிப்பீட்டர் கையேடு – ‘டிட் லெங்த்’துக்குத் தமிழில் என்ன போடலாம்?

> ‘புள்ளி நீளம்’ என்றே வைத்துவிடலாமே சார்? எல்லாருக்கும் புரியும்.

வணக்கம் சார். புரியும்தான். ஆனால் ரிப்பீட்டர் (ஹாம் வானொலிக்காரர்களின் குறிப்பலையை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) தன் அழைப்புக்குறியை மோர்ஸில் ஒலிக்க, கன்ட்ரோலரில் டிட்டின், அதாவது புள்ளியின், நீளமாக நாம் போடும் அந்த எண் புள்ளியோடு நிற்பதில்லை. டா, அதாவது கோடு, அதைப்போல் 3 மடங்கு. எழுத்துக்கு எழுத்து 3 மடங்கு மௌனம். சொல்லுக்குச் சொல் 7 மடங்கு. ‘இடையில் 7 புள்ளி விடவும்’ என்று எழுதினால் படிப்பவர் 7 டிட் அடித்துவிடுவார்!

என் ஓட்டு ‘மாத்திரை’க்கு. ஒலிக்கிற நேரத்தை அளக்க நம் இலக்கணத்தில் ஏற்கெனவே இருக்கிற சொல். மௌனத்தையும் இதனாலேயே அளக்கலாம்.

> அப்படியென்றால் டிட்டைக் குறில், டாவை நெடில் என்று சொல்லலாமா?

வேண்டாம். நெடிலுக்கு 2 மாத்திரைதான். டா 3 மாத்திரை, கணக்குப்படி அது உயிரளபெடை. ஹாம் கையேட்டில் அளபெடை வந்தால் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். டிட், டா அப்படியே இருக்கட்டும், காதில் விழுகிற மாதிரியே இருக்கிற பெயர்கள்.

சில கன்ட்ரோலர்கள் மாத்திரையைக் கேட்காமல் நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று கேட்கும். ‘பாரிஸ்’ (PARIS) என்ற சொல், பின்வரும் இடைவெளியோடு சேர்த்து 50 மாத்திரை. அதுதான் அங்கே ஒரு சொல். நிமிடத்தின் 60,000 மில்லிநொடியை 50-ஆல் வகுத்தால் 1200. ஆகவே 1200-ஐ வேகத்தால் வகுத்தால் மாத்திரை மில்லிநொடியில் கிடைக்கும்.

நம் பெங்களூர் ரிப்பீட்டருக்கு எவ்வளவு வைப்பது? அழைப்புக்குறியில் (நிலையத்தின் அடையாளப் பெயர்) முன்னால் வரும் ‘வி.யு.2’ மட்டுமே 37 மாத்திரை. வேகம் 20 என்றால் 2.2 நொடி. ஹாம் உரிமத்தின் ஜெனரல் கிரேடு மோர்ஸ் தேர்வின் வேகமான 8-இல் 5.5 நொடி, பின்னெழுத்துகளும் சேர்ந்தால் கிட்டத்தட்ட இரட்டிப்பு. சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் இருந்து பேசுகிறவர் அவ்வளவு நேரம் பொறுக்கமாட்டார். அமெரிக்க விதி தானியங்கி மோர்ஸ் அடையாளத்துக்கு 20-ஐ உச்சமாக வைத்திருக்கிறது. ஆனால் இங்கே ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் தேர்வே கிடையாது. 20-இல் ஓடினால் அவர்களுக்கு வெறும் கீச்சுச் சத்தம்தான். 15 வைப்போம்: மாத்திரை 80 மில்லிநொடி, ‘வி.யு.2’ ஏறக்குறைய 3 நொடி.

டோன் 800 ஹெர்ட்ஸ் போதும். ஒலியளவைப் பேச்சுக்குக் கீழே வையுங்கள், நடுவே குறி வந்தாலும் பேசுகிறவர் தொடரலாம்.

> மாத்திரை என்றதும் வீட்டில் ‘உங்க ரிப்பீட்டருக்கு என்ன வியாதி?’ என்கிறார்கள்.

மில்லிகிராம் என்று அச்சாகாமல் பார்த்துக்கொண்டால் போதும், அண்ணா :) அப்புறம், கையேட்டின் 4-ஆம் பக்கத்துக்கு இந்த வரி சரியா?

‘மாத்திரை: 80 மில்லிநொடி. டிட் 1, டா 3. எழுத்திடை மௌனம் 3, சொல்லிடை மௌனம் 7.’

மறுப்பு இருந்தால் அச்சுக்குப் போகும் முன் சொல்லுங்கள்.