ஸ்கவுட்டர் காட்டிய எண்

குழு: நம் வீட்டுக் கூடம்
ஞாயிற்றுக்கிழமை

கார்த்திக் அண்ணா, மாலை 4:12
நேற்றுப் பந்தியில் பாதியில் விட்ட பேச்சை இங்கே தொடர்கிறேன். ‘ஒன் பஞ்ச் மேன்’ நாயகன் சைதாமா எவ்வளவு பெரிய பலசாலியாக இருந்தாலும் ‘டிராகன் பால்’ நாயகன் கோகுவை வெல்ல முடியாது என்பதே என் உறுதியான கருத்து. ‘டிராகன் பால் சூப்பர்’ கதையில் 12 பிரபஞ்சங்கள் இருக்கின்றன. கோகு சூப்பர் சயன் காட் வடிவத்தில் அழிவுக் கடவுள் பீரஸோடு முஷ்டிக்கு முஷ்டி மோதியபோது எழுந்த அதிர்வுக்கே ஏழாம் பிரபஞ்சம் சிதறிவிடும் என்று அந்தப் பிரபஞ்சத்துக் கடவுள்களில் ஒருவரான மூத்த காயோஷின் பதறினார். அந்தக் கைக்கு முன்னால் வேறு யார் நிற்பார்கள்?

அருண் அண்ணா, மாலை 4:21
எதிரி கரோவும் சைதாமாவும் மோதியபோது வானத்தின் ஒரு பகுதியில் விண்மீன்களே இல்லாமல் போனதை அந்த மங்காவை வரையும் முராடாவின் ஓவியத்தில் நீயும்தான் பார்த்தாய். அந்தச் சண்டை நீள நீள சைதாமாவின் பலம் ஏறிக்கொண்டே போனது என்று கதையே சொல்கிறது. வரம்பு சொல்லப்படாத ஒருவனை எந்தக் கணக்கை வைத்து நீ தோற்கடிக்கிறாய்?

கார்த்திக் அண்ணா, மாலை 4:25
பவர் லெவலை, அதாவது ஒருவருடைய பலத்துக்கு அந்தக் கதை தரும் எண்ணை வைத்துத்தான். 1996இல் வந்த ‘டைசென்ஷூ’ என்னும் டிராகன் பால் கையேட்டின் ஏழாம் தொகுதி, நமேக் கிரகத்தில் முதன்முதலாக சூப்பர் சயனாக மாறிய கோகுவுக்கு 15 கோடி என்று கொடுத்திருக்கிறது. அன்றைக்கே 15 கோடி என்றால், அதற்குப் பிறகு வந்த வடிவங்களைப் பெருக்கிப் பாருங்கள்.

மாமா, மாலை 4:40
பெருக்குவதற்கு முன், அந்த எண் ஆற்றலோடு நேர்விகிதத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாணவர்களுக்குச் சொல்லும் அதே கணக்கைப் போட்டேன். நிலவை மீண்டும் ஒன்றுசேராதபடி சிதறடிக்க ஏறத்தாழ 1.2 பெருக்கல் 10இன் 29ஆம் அடுக்கு ஜூல் தேவை. அடர்த்தி எங்கும் சீரானது என்று கொண்டால், பூமிக்கு அதைப்போல 1,800 மடங்கு வேண்டும். கதையில் நிலவை உடைத்தவர் ஆமை முனிவர் ரோஷி. பிற்பாடு பலத்தை அளக்கும் கருவியான ஸ்கவுட்டர் அவருக்குக் காட்டியது 139. பூமியையே தூளாக்குவேன் என்று வந்த வெஜிட்டாவின் அளவு 18,000, அதாவது 130 மடங்குதான். 1,800 எங்கே, 130 எங்கே?

நிலா, மாலை 4:58
மாமா, உங்கள் கணக்கில் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. 139 என்பது ரோஷி சும்மா நின்றுகொண்டிருந்தபோது அளந்தது. பூமியைத் தாக்க வந்த ராடிட்ஸோடு நடந்த சண்டையில், பாரமான உடைகளைக் கழற்றிப் போட்ட கோகுவுக்கு 416 காட்டிய ஸ்கவுட்டர், அவனே காமேஹாமேஹா என்னும் ஆற்றல் கதிருக்குக் கைகளைக் குவித்தபோது 924 காட்டியது. எனவே ரோஷிக்கும் இரண்டு மடங்குக்கு மேல் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மாமா, மாலை 5:03
ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அப்படிச் சேர்த்தால் இடைவெளி இன்னும் கூடுகிறதே. 18,000 என்பது அப்போது ரோஷியைப்போல ஏறத்தாழ 60 மடங்குதான் ஆகிறது. எப்படிப் பார்த்தாலும் அந்த எண் ஜூல் கணக்கு அல்ல.

தாத்தா, மாலை 5:15
பிள்ளைகளே, நான் இந்தக் கதைகளைப் பார்த்ததில்லை. ஆனால் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் நெல் அளவு வரும் இடங்களில், ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலால் அளந்தது என்று மரக்காலின் பெயரையும் சேர்த்தே வெட்டியிருப்பார்கள். மரக்கால் எது என்று தெரியாமல் எண்ணிக்கையை மட்டும் சொன்னால் அதற்குப் பொருள் இல்லை. உங்கள் கதையில் அந்த எண்ணை அளந்து சொல்பவர் யார்?

நிலா, மாலை 5:38
தாத்தா, இரண்டு வருடமாக நான் சொல்ல நினைத்ததை உங்கள் கேள்வி எடுத்துக் கொடுத்துவிட்டது. அந்த எண்ணைப் படிப்பவர்கள் பெரும்பாலும் பூமியைத் தாக்க வந்தவர்கள். ராடிட்ஸ் வந்து இறங்கியதும் அவன் முன்னால் நிற்பவர் கையில் துப்பாக்கியோடு ஓர் எளிய விவசாயி. காதில் மாட்டிய கருவி 5 என்று காட்டுகிறது. அவர் சுட்ட குண்டை அவன் விரல்களால் பிடித்து அவர் மீதே திருப்பிச் சுண்டி விடுகிறான். இவ்வுலகில் எல்லாரும் இவ்வளவுதான் என்ற அவனுடைய செருக்கு அந்த எண்ணிலிருந்தே தொடங்குகிறது. பிறகு கோகுவின் நான்கு வயது மகன் கோஹானுக்கு 710 காட்டும்போது கருவி பழுதாகிவிட்டது என்று நினைக்கிறான். அழுதுகொண்டிருந்த அந்தக் குழந்தை 1,307 என்ற அளவோடு அவன் நெஞ்சில் வந்து மோதும்போதுதான் பழுது கருவியில் இல்லை என்று தெரிகிறது. பூமியில் இருப்பவர்கள் தங்கள் உயிராற்றலான கீயை அடக்கவும் ஒரே நொடியில் பெருக்கவும் கற்றவர்கள். படையெடுத்து வந்தவர்களுக்கு அது தெரியாது. அகிரா தோரியாமா அந்த எண்ணைக் கதைக்குள் கொண்டுவந்ததே அதை நம்புகிறவன் ஏமாறுவதைக் காட்டத்தான் என்று நான் நினைக்கிறேன்.

அருண் அண்ணா, மாலை 5:44
வெஜிட்டா ஸ்கவுட்டரைக் கையால் நொறுக்கும் காட்சியும் இதே வகைதான். ஒரு சிறு தகவலையும் சேர்க்கிறேன்: அங்கே கோகுவின் பவர் லெவலாக அவன் சொல்வது, உலகம் முழுவதும் 9,000 என்று சொல்லிப் பழகிய அந்த எண், ஜப்பானிய மூலத்தில் 8,000தான். ஆங்கில டப்பிங்கில் மாறியது.

கார்த்திக் அண்ணா, மாலை 5:52
நிலா சொல்வதில் பாதியை ஏற்கிறேன், மீதியை ஏற்க மாட்டேன். அந்த 8,000த்தையே எடுத்துக்கொள்வோம். பலத்தைப் பெருக்கும் கையோகென் உத்தியால் இரண்டு மடங்காக்கினால் 16,000. வெஜிட்டாவின் 18,000த்துக்கு அது போதாது. மூன்று மடங்காக்கினால் 24,000. கோகு முந்துகிறான், உடல் வலியால் துடிக்கிறது. கதையிலும் அப்படியேதான் நடக்கிறது. நமேக் வீரன் நெய்லின் முன்னால் நின்றுகொண்டு கொடுங்கோலன் ஃப்ரீசா தன் பவர் லெவல் 5,30,000 என்று அமைதியாகச் சொல்லும்போது, அதுவரை பெரிய வீரனாகத் தெரிந்த நெய்லின் 42,000 நம் கண் முன்னாலேயே சுருங்கிப் போகவில்லையா? எண் இல்லாமல் அந்த அச்சத்தை எப்படி உண்டாக்குவது?

நிலா, மாலை 6:01
அண்ணா, அந்த இரண்டு காட்சிகளிலும் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. ஒரே கதைக்குள், ஒரே மரக்காலால் அளக்கும்போது எண் வேலை செய்கிறது. அதை எடுத்துக்கொண்டு ஸ்கவுட்டரே இல்லாத சைதாமாவின் உலகத்துக்குப் போவதைத்தான் நான் மறுக்கிறேன்.

கார்த்திக் அண்ணா, மாலை 6:07
சரி, எண்ணை விட்டுவிடுகிறேன். பிரபஞ்சக் கணக்குக்கு என்ன பதில்? முன்பு 18 பிரபஞ்சங்கள் இருந்தன, எல்லாப் பிரபஞ்சங்களுக்கும் மேலான ஜெனோ மனநிலை கெட்ட ஒரு நாளில் 6 பிரபஞ்சங்களை அழித்தார் என்று பீரஸின் உதவியாளர் விஸ் சொல்கிறார். மல்டிவர்ஸ் (பல பிரபஞ்ச) அளவிலான கதை என்பதற்கு இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

நிலா, மாலை 6:29
ஜெனோவின் செயலைக் கோகுவின் கணக்கில் வரவு வைக்கக் கூடாது, அண்ணா. யார் யாரை வெல்வார் என்ற வெர்சஸ் விவாதங்களில் நடக்கும் பெரிய குழப்பமே இதுதான். ஒரு கதையில் பிரபஞ்சங்கள் பெருகினால் அதில் வரும் எல்லாருடைய பலமும் பெருகிவிட்டதாக எடுத்துக்கொள்கிறார்கள். இன்னொன்று, பிரபஞ்சம் வேறு, டைம்லைன் (காலக்கோடு) வேறு. எதிர்காலத்திலிருந்து வந்த டிரங்க்ஸின் உலகத்தில் வில்லன் ஸமாசு தன் உடலை இழந்து பிரபஞ்சத்தோடேயே கலந்துவிடுகிறான்; அடித்து வீழ்த்த அங்கே ஓர் உடல்கூட இல்லை. அப்போது கோகு ஒரு பொத்தானை அழுத்துகிறான். அந்தக் காலத்து ஜெனோ வந்து நின்று, அந்த உலகத்தையே ஸமாசுவோடு சேர்த்து இல்லாமல் ஆக்கிவிடுகிறார். கோகு அங்கே யாரையும் வெல்லவில்லை, டிரங்க்ஸ் தன் ஊரைத் திரும்பப் பெறவும் இல்லை. நான் அந்தப் பகுதியைப் பார்த்துவிட்டு இரவு வெகுநேரம் தூங்காமல் இருந்தேன்.

பலப்பரீட்சைப் போட்டியையும் நினைத்துப் பாருங்கள். 8 பிரபஞ்சங்களிலிருந்து 80 பேர், 48 நிமிடம், மேடையிலிருந்து விழுந்தால் வெளியே. கடைசியில் கோகுவும் ஃப்ரீசாவும் எதிரணியின் மாபெரும் பலசாலி ஜிரேனைத் தள்ளிக்கொண்டு தாங்களும் சேர்ந்து விழுகிறார்கள். மேடையில் மிஞ்சி நிற்பவன் அவர்கள் அணியின் 17 என்ற பெயருள்ள செயற்கை மனிதன். ஜிரேனோடு நேருக்கு நேர் நின்றால் தாக்குப்பிடிக்கவே முடியாதவன் அவன். அழிந்த பிரபஞ்சங்கள் எல்லாம் திரும்ப வேண்டும் என்று வரம் கேட்பவனும் அவனே. அவனுக்குப் பலசாலிகள் பட்டியலில் எந்த இடத்தைக் கொடுப்பீர்கள்?

கார்த்திக் அண்ணா, மாலை 6:41
17ஐப் பற்றி நான் யோசிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பீரஸோடு மோதிய அந்த அதிர்வு கோகுவுடைய செயல்தான். அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நிலா, மாலை 6:44
அதை விட்டுக்கொடுக்கவே வேண்டாம். அந்த முஷ்டியில் பாதிப் பங்கு பீரஸுடையது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தாத்தா, மாலை 6:50
அந்த விவசாயியின் 5 என்னவாயிற்று? அந்த எண் மறுபடியும் எங்காவது வருகிறதா?

நிலா, மாலை 6:57
வருகிறது, தாத்தா. உடலைப் பாதி இயந்திரமாக்கிக்கொண்டு ஃப்ரீசா பூமிக்கு வரும்போது, வழியில் ஓர் இளைஞன் தனியாக நிற்கிறான். ஃப்ரீசாவின் படைவீரன் ஸ்கவுட்டரால் பார்த்துவிட்டு 5 என்கிறான். அந்த இளைஞன்தான் டிரங்க்ஸ். வீரர்கள் எல்லாரும் விழுகிறார்கள். சற்று நேரத்தில் ஃப்ரீசாவே அவன் வாளால் இரண்டாகப் பிளக்கப்படுகிறான். அதற்குப் பிறகு கதையில் இந்த எண்கள் வருவதே அரிது. அந்தத் தொகுதி என் அலமாரியில் இருக்கிறது. நாளை காலையில் கொண்டுவந்து உங்களுக்குப் படித்துக் காட்டுகிறேன்.

தாத்தா, மாலை 7:02
கொண்டு வா. கார்த்திக்கையும் கூட்டி வா.