ப்ளோயெஷ்டி, 1943 ஆகஸ்ட் 1: வீரமா, வீணான பலியா?

வான்நோக்கி:
போன வாரம் வேறொரு இழையில் கரிசல்மண் அண்ணன், "ப்ளோயெஷ்டி ஒரு தோல்வி. அதை வீரக்கதையாக மாற்றியது அமெரிக்க ராணுவத்தின் விளம்பரம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அது பொறுக்கவில்லை. அதனால்தான் இந்தத் தனி இழை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டுக்கு வடக்கே இருக்கும் எண்ணெய் நகரம் ப்ளோயெஷ்டி. ஹிட்லரின் படைகளுக்குப் போன எண்ணெயில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்துதான் போனது. நகரைச் சுற்றி வளையம் போல சுத்திகரிப்பு ஆலைகள். 1943 ஆகஸ்ட் 1, ஞாயிற்றுக்கிழமை காலை, லிபியாவில் பெங்காசியைச் சுற்றியிருந்த புழுதி ஓடுதளங்களிலிருந்து 177 பி-24 லிபரேட்டர் விமானங்கள் அந்த ஆலைகளைத் தாக்கக் கிளம்பின. விமானத்துக்குப் பத்துப் பேர் கணக்கில் மொத்தம் 1,700-க்கும் மேற்பட்டவர்கள். போக, வர ஏறத்தாழ 2,400 மைல். துணைக்குப் போர் விமானம் ஒன்றுகூடக் கிடையாது. அவ்வளவு தூரம் போய்த் திரும்பும் போர் விமானம் அப்போது அவர்கள் கையில் இல்லை.

பி-24 மிக உயரத்தில் பறந்து குண்டு போடுவதற்காகச் செய்யப்பட்ட நான்கு எஞ்சின் விமானம். இறக்கையின் நீளம் முனைக்கு முனை 110 அடி. அதைத்தான் மரத்தின் உச்சி உரசும் உயரத்தில் ஓட்டிக்கொண்டு போகச் சொன்னார்கள். ரேடார் கண்ணில் படாமல் போக வேண்டும், ஊருக்குள் குண்டு விழாமல் ஆலைக் கட்டடத்தின் மேலேயே விழ வேண்டும் என்பது யோசனை. பாலைவனத் தரையில் ஆலைகளின் வடிவத்தை நிஜ அளவில் வரைந்து வைத்துப் பல நாட்கள் அதன் மேல் பறந்து பழகினார்கள்.

அன்று 54 விமானங்களை இழந்தார்கள். 310 பேர் இறந்தார்கள். ஐந்து பேருக்கு அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஹானர் கிடைத்தது. ஒரே வான்தாக்குதலுக்கு ஐந்து பேருக்கு அந்த விருது வேறு எப்போதும் கொடுக்கப்பட்டதில்லை. இதை விளம்பரம் என்று தள்ளிவிட முடியாது அண்ணா.

கரிசல்மண்:
தம்பி, நான் எழுதியதை நீங்கள் பாதிதான் எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். இறந்தவர்களை நான் குறைத்துப் பேசவில்லை. அவர்களை அங்கே அனுப்பியவர்களைப் பற்றித்தான் பேசினேன்.

1942 ஜூனில் ஒரு டஜன் பி-24 விமானங்கள் எகிப்திலிருந்து கிளம்பிப் போய் இதே ப்ளோயெஷ்டியில் குண்டு போட்டன. சேதம் ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் அது ஜெர்மானியர்களை உஷார்ப்படுத்திவிட்டது. ஜெனரல் ஆல்ஃப்ரெட் கெர்ஸ்டன்பெர்க் அதற்குப் பிறகு அந்த ஊரையே கோட்டையாக்கினார். 88 மில்லிமீட்டர் பீரங்கிகள், வைக்கோல் போருக்குள் மறைத்த துப்பாக்கிகள், எஃகு வடம் தொங்கும் பலூன்கள். பீரங்கியை உள்ளே வைத்து மூடிய ஒரு ரயில்கூடத் தயாராக நின்றது. ஒரு வருடம் அவகாசம் கொடுத்துவிட்டு அதே இடத்துக்கு அதைவிடத் தாழ்வாக ஆட்களை அனுப்பியிருக்கிறார்கள். எதிரியைத் திடீரென்று தாக்கலாம் என்ற நம்பிக்கையில்தானே தாழப் பறக்கச் சொன்னார்கள்? விமானங்கள் கிளம்பிய செய்தியையே கிரீஸில் இருந்த ஜெர்மன் ஒட்டுக்கேட்புப் பிரிவு பிடித்துவிட்டது.

அப்புறம் அந்தத் தப்பான திருப்பம். ஃப்ளோரெஷ்டியில் திரும்பியிருக்க வேண்டும். முன்னணியில் போன கர்னல் காம்ப்டன் அதற்கு முந்தைய ஊரான தர்கோவிஷ்டேயிலேயே திரும்பிவிட்டார். தாக்குதலுக்கே தலைவரான ஜெனரல் என்ட் அதே விமானத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ரயில்பாதையைப் பிடித்துக்கொண்டு நேராகப் புக்கரெஸ்டை நோக்கிப் போனார்கள். பின்னால் வந்தவர்கள், ரேடியோவில் பேசக்கூடாது என்ற கட்டளையை மீறி "தப்பு, தப்பு" என்று கத்த வேண்டியிருந்தது. இதற்குப் பிறகு 310 பேர் செத்ததை வீரம் என்று மட்டும் எழுதினால், தப்பு செய்தவர்கள் அந்த வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்கள்.

வான்நோக்கி:
நீங்கள் சொன்ன தப்பான திருப்பத்திலிருந்தே நானும் ஆரம்பிக்கிறேன்.

காம்ப்டனுக்குப் பின்னால் வந்தது லெப்டினன்ட் கர்னல் அடிசன் பேக்கரின் 93-வது பிரிவு. தலைவர் போகும் வழியில் போவதுதான் விதி. கொஞ்ச தூரம் அவரும் பின்னாலேயே போனார். இடது பக்கம் ஆலைகளின் புகைபோக்கிகள் கண்ணில் பட்டதும் தன் பிரிவை அப்படியே திருப்பி ப்ளோயெஷ்டியை நோக்கி விட்டார். பயிற்சி எடுத்த திசை வேறு. இப்போது போனது தெற்கிலிருந்து, பீரங்கிகள் நெருக்கமாக இருந்த பக்கம். இலக்குக்கு முன்பே அவருடைய விமானம் அடிபட்டுத் தீப்பிடித்தது. கீழே சமவெளி. சக்கரம் இல்லாமல் விமானத்தின் வயிற்றை வைத்தே அங்கே இறக்கியிருக்கலாம். அவர் குண்டுகளை உதறிவிட்டுத் தொடர்ந்து முன்னால் பறந்தார், பின்னால் வருகிறவர்களுக்கு வழி தெரிய வேண்டும் என்பதற்காக. ஆலையைத் தாண்டியதும், உள்ளே இருப்பவர்கள் குதிக்கட்டும் என்று உயரம் ஏற்றப் பார்த்தார். முடியவில்லை. ஒருவரும் பிழைக்கவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த மேஜர் ஜான் ஜெர்ஸ்டாட் தன் பங்குக்கு உரிய தாக்குதல்களை எல்லாம் முடித்துவிட்டவர். அந்தப் பிரிவிலேயே அப்போது இல்லை. தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தவர்.

அடுத்து ஜான் கேன், லியோன் ஜான்சன். மலை மேகத்தில் பிரிந்து பின்தங்கிப்போன இவர்களுடைய பிரிவுகள் சரியான இடத்தில், ஃப்ளோரெஷ்டியில், திரும்பின. அங்கிருந்து ப்ளோயெஷ்டி வரை ஒரு ரயில்பாதை. இரண்டு பிரிவுகளும் அதன் இரு பக்கமும் பறந்தன. நீங்கள் சொன்ன அந்தப் பீரங்கி ரயில் நடுவில் ஓடிக்கொண்டே இரண்டு பக்கமும் சுட்டது. விமானத் துப்பாக்கிக்காரர்கள் எதிர்த்துச் சுட்டு அதன் எஞ்சினை நிறுத்தினார்கள். ஆனால் இலக்கு கண்ணில் பட்டபோது அது ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. வழி மாறி வந்தவர்கள் அங்கே குண்டு போட்டுவிட்டார்கள். எண்ணெய்த் தொட்டிகள் வெடித்துக் கரும்புகை எழும்பிக்கொண்டிருந்தது. தாமதமாக வெடிக்கும்படி வைத்த குண்டுகள் எந்த நொடியில் வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. "இலக்கு ஏற்கெனவே அடிக்கப்பட்டுவிட்டது" என்று சொல்லிக் கேன் திரும்பியிருந்தால் எந்த ராணுவ நீதிமன்றமும் அவரைக் கேள்வி கேட்டிருக்காது. உள்ளே போனார். அவருடைய பிரிவில் ஏறக்குறைய பாதி விமானங்கள் போய்விட்டன.

திட்டம் போட்டவர்களின் தப்பு கேன் அந்தப் புகைக்குள் நுழைந்ததை எப்படிச் சின்னதாக்கும்? திட்டம் சரியாக நடந்திருந்தால் அவருக்கு இவ்வளவு துணிச்சல் தேவைப்பட்டே இருக்காது.

தேன்மொழி:
இருவரும் விமானத்தின் முன் இருக்கையைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். மீதி எட்டுப் பேர் என்ன ஆனார்கள்?

ஐந்து விருதில் எனக்கு எப்போதும் நெஞ்சில் நிற்பது லாயிட் ஹியூஸ். வயது 22, செகண்ட் லெப்டினன்ட். அவருடைய பிரிவின் இலக்கு ப்ளோயெஷ்டிக்கு வெளியே கம்பினா என்ற ஊரிலிருந்த ஆலை. அதை அடையும் முன்பே அவருடைய விமானத்தின் எரிபொருள் தொட்டி கிழிந்துவிட்டது. குண்டு அறையிலிருந்தும் இடது இறக்கையிலிருந்தும் பெட்ரோல் தாரை தாரையாக வெளியே வழிந்துகொண்டிருந்தது. முன்னால் ஆலை எரிகிறது, தீ விமானத்தின் உயரத்தையும் தாண்டி நிற்கிறது. அப்படியே உள்ளே போனார். குண்டுகள் இலக்கில் விழுந்தன. வெளியே வந்தபோது இறக்கை எரிந்துகொண்டிருந்தது. வறண்ட ஆற்றுப்படுகை ஒன்றில் இறக்கப் பார்த்தார், முடியவில்லை. பத்துப் பேரில் கடைசியில் உயிரோடு மிஞ்சியது இரண்டு பேர்.

அவருடைய விருதுப் பத்திரத்தில் ஒரு விஷயம் எழுதியிருக்கிறது. இலக்குக்கு முன்னால் தானிய வயல்கள் இருந்தன, விமானத்தை அங்கே இறக்கியிருக்கலாம், ஆனால் அவர் இறக்கவில்லை என்று. அதைப் புகழ்ச்சியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். நான் அதைப் படிக்கும்போதெல்லாம் பின்பக்க ஜன்னலில் துப்பாக்கியோடு நின்ற பையனை நினைத்துக்கொள்கிறேன். அவன் கண்ணுக்கு முன்னால் பெட்ரோல் ஓடுகிறது, கீழே வயல் தெரிகிறது. முடிவு அவன் கையில் இல்லை. ஐந்து விருதும் விமானிகளுக்குத்தான் போயிருக்கிறது. ஒரு துப்பாக்கிக்காரருக்கோ எஞ்சினியருக்கோ இல்லை. வீரத்தை இப்படிப் பங்கு போட்டது சரியென்று எனக்குப் படவில்லை.

பழைய_மெக்கானிக்:
நான் விமானப்படையில் தரைப்பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். பறந்தவன் இல்லை, பறந்தவர்களோடு வாழ்ந்தவன். அம்மா தேன்மொழி கேட்டதற்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முப்பது, நாற்பது அடி உயரத்தில் அணியாகப் போகும்போது ஒரு விமானம் திடீரென்று வேகத்தைக் குறைத்து இறங்கினால் பின்னால் வரும் விமானம் அதன் மேலேயே மோதும். பக்கத்தில் வருகிறவர் விலகினால் அவருக்குப் பக்கத்தில் வருகிறவர் என்ன செய்வார்? பி-24 சட்டென்று திரும்பும் ஜாதி இல்லை. ஓட்டும்போதே கை வலிக்கும் அளவுக்குக் கனமான விமானம் அது என்று ஓட்டியவர்கள் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். ஹியூஸ் தன் ஆட்களின் உயிரை ஒரு பக்கமும் அணியில் வந்த மற்ற விமானங்களின் உயிரை இன்னொரு பக்கமும் வைத்துச் சில நொடிகளில் முடிவெடுத்தார். அந்தப் பத்திரத்தில் அணியைக் குலைக்காமல் இருக்கத்தான் இறங்கவில்லை என்றும் எழுதியிருக்கிறதே, அதை விட்டுவிட்டீர்கள்.

விருது விஷயத்தில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். குண்டு இலக்கில் விழுந்தது என்றால் குண்டு போடும் பொறுப்பிலிருந்த பாம்பார்டியர் பெட்ரோல் ஆவிக்கு நடுவில் குனிந்து கணக்கு தப்பாமல் பொத்தானை அழுத்தியிருக்கிறார். அவருக்கு ஏன் அதே விருது இல்லை என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது.

கரிசல்மண்:
எல்லாம் கேட்டேன். எனக்கு இரண்டு விஷயம் பாக்கி.

ஒன்று, கீழே இருந்தவர்கள். ஊருக்குள் குண்டு விழக்கூடாது என்பதற்காகவே தாழப் பறந்தார்கள் என்று தம்பி எழுதினார். அடிபட்ட ஒரு லிபரேட்டர் ப்ளோயெஷ்டி நகரின் பெண்கள் சிறைச்சாலை மேல் போய் விழுந்து எரிந்தது. பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்தவர்கள் ஓடக்கூட முடியாது. விமானி வேண்டுமென்று செய்யவில்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பெண்கள் இந்தக் கதையில் எங்கேயுமே வருவதில்லை.

இரண்டு, பலன். ஆலைகளின் திறனில் நாற்பது சதவீதம் போய்விட்டது என்று முதலில் கணக்கு போட்டார்கள். ஆனால் ப்ளோயெஷ்டியில் ஏற்கெனவே முழுத் திறனில் ஓடாத ஆலைகள் இருந்தன. அவற்றை ஓட்டினார்கள், உடைந்ததைச் சரிசெய்தார்கள். சில வாரங்களில் எண்ணெய் பழையபடி ஓட ஆரம்பித்துவிட்டது. மறுநாளே திரும்பி வந்து அடிக்க அமெரிக்கர்களிடம் விமானம் மிச்சமில்லை. பெங்காசி திரும்பிய 88 விமானங்களில் 55 அடிபட்டவை.

வான்நோக்கி:
சிறைச்சாலை பற்றி நீங்கள் எழுதியதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. இந்த இழையில் முதல் பதிவிலேயே அது இருந்திருக்க வேண்டிய விஷயம்தான்.

பலன் பற்றி மட்டும் சொல்கிறேன். ஹியூஸ் உள்ளே போன கம்பினா ஆலை போர் முடியும்வரை எழவே இல்லை. ஜான்சனின் பிரிவிலிருந்து பிரிந்து போன கர்னல் ஜேம்ஸ் போஸி 21 விமானங்களோடு பிராஸியில் இருந்த ஆலையைத் தாக்கினார். அதுவும் போர் முடியும்வரை ஓடவில்லை, இலக்கின் மேல் அவர் ஒரு விமானத்தைக்கூட இழக்கவில்லை. காம்ப்டனின் பிரிவிலேயே மேஜர் நார்மன் ஆப்போல்ட் நாலைந்து விமானங்களைப் பிரித்துக்கொண்டு போய் கான்கார்டியா வேகா ஆலையை அடித்தார். அதாவது இலக்கைச் சரியாகப் பிடித்த இடத்தில் தாழப் பறந்து அடித்தது வேலை செய்திருக்கிறது. தாழப் பறந்தது பைத்தியக்காரத்தனம் இல்லை, வழி தவறியதுதான் கெடுத்தது.

தேன்மொழி:
ஒரு சின்னத் தகவல், இரண்டு பேர் வாதத்துக்கும் நடுவில் கிடக்கட்டும். அன்று இறந்தவர்களில் பலரை அடையாளம் தெரியாதவர்கள் என்றே புதைத்தார்கள். அந்தக் கல்லறைகளைப் பிற்காலத்தில் மறுபடி தோண்டி மரபணுச் சோதனை செய்து வருகிறார்கள். பேக்கரின் உடல் அப்படி அடையாளம் காணப்பட்டு அவர் அமெரிக்காவின் ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது 2022-இல்தான். விருது வாங்கிய படைத்தலைவருக்கே 79 வருடம் ஆகியிருக்கிறது என்றால் பின்பக்கத் துப்பாக்கிக்காரனின் வீட்டில் எத்தனை வருடம் காத்திருந்திருப்பார்கள்?

கரிசல்மண்:
போஸி விஷயத்தை ஏற்கிறேன். அப்படியானால் ஒரே ஒரு கேள்வி தம்பி. திட்டம் நல்லது, வழிதான் தப்பியது என்றால், அதற்குப் பிறகு ஏன் கனரக விமானங்களை வைத்து ப்ளோயெஷ்டியை ஒருமுறைகூட அப்படித் தாக்கவில்லை? 1944 ஏப்ரலிலிருந்து இத்தாலியிலிருந்து போனவர்கள் எல்லோரும் உயரத்திலிருந்துதானே குண்டு போட்டார்கள்? அனுப்பியவர்களே தங்கள் தப்பை ஒப்புக்கொண்ட மாதிரிதானே இது?

வான்நோக்கி:
1944-இல் அவர்களுக்கு இத்தாலியில் தளங்கள் இருந்தன, தூரம் பாதியாகக் குறைந்திருந்தது, கூடவே போய்வரப் போர் விமானங்கள் இருந்தன. 1943-இல் இந்த மூன்றுமே கிடையாது. உயரத்திலிருந்து போட்டால் ஒரே நாளில் முடிக்க முடியாது, திரும்பத் திரும்பப் போக வேண்டும். அப்படித்தான் போனார்கள், ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை. அந்த மாதங்களில் ப்ளோயெஷ்டிக்கு மேல் 200-க்கும் மேற்பட்ட கனரக விமானங்களை இழந்தார்கள். பாதுகாப்பான வழி என்று நீங்கள் நினைக்கும் வழியின் விலை இது. ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று 1943-இல் ஒருவர் நினைத்ததை என்னால் குற்றம் என்று சொல்ல முடியவில்லை.

கரிசல்மண்:
200 என்பது உண்மைதான். ஆனால் அந்த 200-க்குப் பிறகு ஆலைகள் நின்றன. 1943-இல் 54-க்குப் பிறகு ஓடின. நான் இன்னும் என் பக்கமே நிற்கிறேன். காம்ப்டனும் என்ட்டும் அந்தத் திருப்பத்துக்கு என்ன விளக்கம் சொன்னார்கள் என்பதைத் தனி இழையாக ஆரம்பியுங்கள், அங்கே வருகிறேன்.